ஐஃபல் மலைநாட்டின் எரிமலை ஏரிகள்: போய்ப் பார்த்துவர ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெர்மனியில் ஏரி பார்க்க வேண்டும் என்றதும் பெரும்பாலானோர் தெற்கே பவேரியாவுக்குத்தான் கிளம்புகிறார்கள். அந்த ஏரிகள் அழகானவை, மறுப்பதற்கில்லை. ஆனால் கோடையில் அங்கே கூட்டம் தாங்காது. இந்தக் கட்டுரை வேறொரு திசைக்கானது. மேற்கு ஜெர்மனியில், மோசெல் ஆற்றுக்கு வடக்கே, கோப்ளென்ஸுக்கும் ட்ரியருக்கும் இடைப்பட்ட மேட்டுநிலம் ஐஃபல். அதில் எரிமலைகள் நிறைந்த மேற்குப் பகுதிக்கு வுல்கான்ஐஃபல் என்று பெயர். ரைன்லாந்து-ஃபால்ஸ் மாநிலத்தைச் சேர்ந்தது. மாட்டுப் பண்ணைகளும், பீச் மரக்காடுகளும், சில நூறு பேர் வாழும் சிற்றூர்களும்தான் அங்கே. அவற்றுக்கு நடுவே வட்ட வட்டமாக நீர் நிற்கும் எரிமலைப் பள்ளங்கள் இருக்கின்றன. ஜெர்மானியர்கள் இவற்றை ‘மார்’ என்கிறார்கள். நாம் மார் ஏரி என்றே சொல்வோம்.

இரண்டு முழு நாள் இருந்தால் போதும், மூன்று நாள் இருந்தால் நிறைவு. ஒரே நாளில் காரில் ஓடி ஐந்தாறு ஏரிகளைப் படம் பிடித்துத் திரும்புவதும் முடியும். அப்படிப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏன் என்பது அடுத்த பகுதியைப் படித்தால் புரியும்.

முதலில், இந்த ஏரிகள் எப்படிப்பட்டவை என்று தெரிந்துகொள்ளுங்கள்

பூமிக்கடியிலிருந்து மேலேறிய கற்குழம்பு நிலத்தடி நீரைச் சந்தித்தது. நீர் நொடியில் ஆவியாகி வெடித்தது. மேலே இருந்த பாறை தூள் தூளாகச் சிதறி, புனல் வடிவில் ஆழமான பள்ளம் விழுந்தது. சிதறிய கல்லும் சாம்பலும் பள்ளத்தைச் சுற்றித் தாழ்ந்த வளையமாகப் படிந்தன. வெடிப்பு அடங்கிய பிறகு பள்ளத்தில் நீர் சேர்ந்தது. ஐஃபலில் இப்படிப்பட்ட பள்ளங்கள் 75 அளவுக்கு இருக்கின்றன. பெரும்பாலானவை தூர்ந்து புல்வெளியாகவோ சதுப்பாகவோ மாறிவிட்டன. இன்றும் நீர் நிற்பவை ஒரு டஜன் அளவுக்குத்தான். அவற்றில் இளையது உல்மென் ஊரில் இருப்பது. அதன் வயது சுமார் 11,000 ஆண்டுகள். மண்ணியல் கணக்கில் அது நேற்று நடந்தது.

பயணத்துக்கு முக்கியமான செய்தி இனிமேல்தான் வருகிறது. நம்மூர் ஏரிக்கு வரத்துக்கால் உண்டு, மதகு உண்டு, நிறைந்தால் வழிய கலங்கல் உண்டு. ஆண்டுதோறும் பழைய நீர் போய்ப் புது நீர் வரும். கெமுண்டெனர் மார், வைன்ஃபெல்டர் மார், புல்ஃபர்மார் ஆகிய மூன்றுக்கும் இவை எதுவும் கிடையாது. ஆறு உள்ளே வருவதில்லை, ஓடை வெளியே போவதில்லை. மழையும் ஊற்றும்தான் வரவு. ஆவியாவதும் மண்ணில் கசிவதும்தான் செலவு. வண்டல் கொண்டுவர ஆள் இல்லாததால் நீர் பளிங்காக இருக்கிறது. அதே காரணத்தால், உள்ளே விழுந்தது எதுவும் எளிதில் வெளியே போவதுமில்லை. வாத்துக்குப் போடும் ரொட்டி, உடம்பில் பூசிய களிம்பு, கரையில் விட்டுவந்த உணவு என எல்லாமே அங்கேயே தங்கி நீரைக் கொழுக்க வைக்கும்.

இது வெறும் அச்சமல்ல. மேர்ஃபெல்ட் ஊரின் ஏரிக்கு ஓடை வரத்து உண்டு. சுற்றியுள்ள வயல்களின் உரமும் ஊர்க் கழிவும் அதில் சேர்ந்து பாசி மண்டியது. கடைசியில் 1980களில் குழாய் இறக்கி, ஏரியின் அடிநீரை வெளியேற்றித்தான் அதை மீட்க வேண்டியிருந்தது. ஆகவே, இங்கே அமைதியாகப் போய் அமைதியாக வருவது நாகரிகத்துக்காக மட்டும் சொல்வதல்ல. ஏரி பிழைத்திருப்பதே அதில்தான் இருக்கிறது.

எப்போது போவது

மே நடுவிலிருந்து ஜூன் வரை மிகச் சிறந்த காலம். சரிவுகளெங்கும் கின்ஸ்டர் என்ற புதர் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். ஊர்மக்கள் அதை ‘ஐஃபல் தங்கம்’ என்பார்கள். செப்டம்பர், அக்டோபரில் பீச் காடுகள் செம்பு நிறமாகும், நடைபாதைகளில் ஆள் குறைவு. ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிகளில் குளிக்கும் கரைகள் நிரம்பிவிடும். அந்த மாதங்களில்தான் விடுப்பு என்றால் செவ்வாய் முதல் வியாழன் வரை வையுங்கள், காலை எட்டு மணிக்கு முன்பே கரையில் இருங்கள். இவற்றில் பெரும்பாலானவை 400 முதல் 500 மீட்டர் உயரத்திலுள்ள ஏரிகள். ஜூன் மாதக் காலையிலும் ஒரு மேல்கோட்டு தேவைப்படும்.

குளிர்காலத்தில் நீர் உறைந்தால் அதன்மேல் நடக்க வேண்டாம். ஊர்ப் பிள்ளைகள் நின்றாலும் நீங்கள் நிற்க வேண்டாம். அடியில் ஊற்று உள்ள இடங்களில் பனிக்கட்டி மெல்லியதாக இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது.

எப்படிப் போய்ச் சேர்வது

மையமாக வைத்துக்கொள்ள வேண்டிய ஊர் டௌன். ரயிலில் வருபவர்களுக்கு நம்பகமான வழி மோசெல் பாதைதான்: கோப்ளென்ஸிலிருந்தோ ட்ரியரிலிருந்தோ விட்லிஷ் வரை ரயில், அங்கிருந்து டௌனுக்குப் பேருந்து. விட்லிஷின் முதன்மை ரயில் நிலையம் நகருக்குள் இல்லை. சில கிலோமீட்டர் தள்ளி வெங்கரோரில் இருக்கிறது. தங்குமிடம் தேடும்போது இது பலரைக் குழப்பும். கொலோனிலிருந்து ஐஃபல் மலை வழியாக கெரோல்ஷ்டைன் வரும் இன்னொரு பாதையும் உண்டு. 2021 ஜூலை வெள்ளத்தில் அந்தப் பாதை கடுமையாகச் சிதைந்து, பகுதி பகுதியாகச் சீரமைக்கப்பட்டது. அந்த வழியாகப் போவதானால் புறப்படும் வாரத்தில் கால அட்டவணையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

2023 மே மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமான டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சீட்டு இந்த வட்டார ரயில்களிலும் பேருந்துகளிலும் செல்லும். பின்னர் விலை ஏறியிருக்கிறது, இருந்தாலும் லாபம்தான். சிற்றூர்களுக்கு ஓடும் சில பேருந்துகள் ‘ரூஃப்புஸ்’ வகை. நீங்கள் முன்கூட்டியே போனிலோ செயலியிலோ பதிவு செய்தால்தான் வரும், இல்லையென்றால் வண்டியே புறப்படாது. நிறுத்தத்தில் நின்று காத்திருந்து பயனில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து மிகக் குறைவு, கடைகளும் மூடியிருக்கும். சனி மாலைக்குள் பழம், ரொட்டி, தயிர், தண்ணீர் வாங்கி வைத்துவிடுங்கள்.

காரில் வந்தால் எல்லாம் எளிது. அப்போதும் வண்டியை டௌனிலோ கில்லென்ஃபெல்டிலோ விட்டுவிட்டு நடப்பதுதான் நல்லது.

தங்குவதற்கு விடுதிகளைவிட ‘ஃபேரியன்வோனுங்’ எனப்படும் விடுமுறை வீடுகள் நமக்குப் பொருந்தும். சமையலறை இருக்கும். வீட்டுக்காரர் பெரும்பாலும் கீழ்த்தளத்திலேயே இருப்பார். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் ஆகாது. அமைதிதான் முதல் தேவை என்றால் டௌனைவிட ஷால்கென்மேரென் கிராமத்தைத் தேர்ந்தெடுங்கள், ஏரி ஊருக்குக் காலடியில் இருக்கும். அதன் மேலே ஹோஹெர் லிஸ்ட் குன்றில், வானம் இருட்டாக இருப்பதை நம்பி பான் பல்கலைக்கழகம் 1950களில் வானாய்வுக்கூடம் கட்டியது. மேகமில்லாத இரவில் வெளியே வந்து நின்றால் காரணம் விளங்கும்.

முதல் நாள்: டௌனின் மூன்று ஏரிகள்

இந்தப் பயணத்தின் உயிர்நாடி இந்த நாள்தான். முழு நாளையும் இதற்கே கொடுங்கள்.

டௌனிலிருந்து தெற்கே நடந்தால் முதலில் வருவது கெமுண்டெனர் மார். மூன்றில் சிறியது இதுதான், குறுக்களவு 300 மீட்டர் சொச்சம். ஆனால் ஆழம் 38 மீட்டர். நாலாபக்கமும் காடு மூடிய செங்குத்தான சரிவு. அதனால் காற்று இறங்குவது அரிது, நீர் அசையாமல் கிடக்கும். ஒரு பக்கம் குளிக்கும் கரை இருக்கிறது. காலையில் குளிக்காதீர்கள், சுற்றி மட்டும் நடங்கள். நடந்து களைத்த பிறகு மாலையில் குளிப்பதற்கு இன்னொரு நல்ல இடம் வருகிறது.

அங்கிருந்து மோய்ஸெபெர்க் மலைக்கு ஏறுபாதை. உயரம் 561 மீட்டர். ஏற்றம் சற்றுக் கடினம், ஆனால் நீளமில்லை. உச்சியில் 1902இல் கட்டிய கல் கோபுரம், ட்ரோன்கெ கோபுரம். 1888இல் ஐஃபல் சங்கத்தைத் தொடங்கிய அடோல்ஃப் ட்ரோன்கெயின் நினைவாக எழுப்பியது. வறுமைக்குப் பேர்போன இந்த மேட்டுநிலத்துக்கு வழியும் வருமானமும் வரவேண்டும் என்று உழைத்தவர்களில் அவர் முதன்மையானவர். இன்று நீங்கள் நடக்கும் பாதைகளில் பலவற்றை அடையாளமிட்டுப் பராமரிப்பது அந்தச் சங்கம்தான்.

மறுபக்கம் இறங்கினால் வைன்ஃபெல்டர் மார். எனக்கு இந்த நாட்டில் பிடித்த நீர்நிலை எது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன். மரமில்லாத திறந்த சரிவு, நடுவே 51 மீட்டர் ஆழமுள்ள கருநீல வட்டம், கரையில் ஒரு வெள்ளைச் சிற்றாலயம், அதைச் சுற்றிக் கல்லறைகள். இங்கே வைன்ஃபெல்ட் என்று ஒரு கிராமம் இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய் வந்து, மிஞ்சியவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். வீடுகள் எல்லாம் அழிந்தன. புனித மார்ட்டின் ஆலயம் மட்டும் நின்றது. கல்லறைத் தோட்டம் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது, ஷால்கென்மேரென் மக்கள் தங்கள் இறந்தோரை இங்கேதான் அடக்கம் செய்கிறார்கள். அதனால் இந்த ஏரிக்கு டோட்டென்மார், அதாவது இறந்தோரின் மார், என்ற பெயரும் உண்டு. கல்நெஞ்சம் கொண்ட ஒரு சீமாட்டியின் கோட்டை இந்த நீருக்குள் மூழ்கிக் கிடப்பதாகவும் ஊரில் ஒரு கதை சொல்வார்கள்.

இங்கே குளிக்கவோ படகு விடவோ அனுமதி இல்லை. ஆலயத்துக்குள் போகலாம், தொப்பியைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்திப் போங்கள். அடக்கச் சடங்கு நடந்துகொண்டிருந்தால் எட்டவே நின்றுவிடுங்கள். கல்லறைகளைப் பின்னணியாக வைத்துச் செல்ஃபி வேண்டாம். நம்மூர் மயானத்தில் யாரோ அப்படிச் செய்தால் நமக்கு எப்படியிருக்கும் என்று நினைத்தால் போதும்.

ஏரியைச் சுற்றி முடித்து, சாலையும் வாகன நிறுத்தமும் உள்ள மேட்டுக்கு வாருங்கள். அங்கே நின்று இரண்டு பக்கமும் திரும்பிப் பாருங்கள். ஒரு பக்கம் இப்போது சுற்றிய ஏரி, மறுபக்கம் கீழே ஷால்கென்மேரெனர் மார். நடுவே ஒரு குறுகிய மேடுதான். ஆனாலும் மேலே உள்ள ஏரியின் நீர்மட்டம் கீழே உள்ளதைவிட 60 மீட்டருக்கும் மேல் உயரத்தில் நிற்கிறது. அருகருகே இருந்தும் நீர்மட்டம் சமமாகவில்லை. இந்த இரண்டு ஏரிகளும் ஒன்றோடொன்று இணையாத தனித்தனி உலகங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஷால்கென்மேரென் ஏரி 21 மீட்டர் ஆழம். மூன்றில் இதுதான் மேலோட்டமானது. உண்மையில் இரண்டு பள்ளங்கள் ஒட்டியவை. கிழக்கே இருந்தது தூர்ந்து சதுப்பாகிவிட்டது. கரையோரம் ஊர், தேவாலயம், கேக்கும் காபியும் தரும் கடைகள், குளிக்கும் கரை எல்லாம் உண்டு. மாலைக் குளியலை இங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள்: கில்லென்ஃபெல்டைச் சுற்றி

புல்ஃபர்மார் ஐஃபல் மார் ஏரிகளிலேயே ஆழமானது, 70 மீட்டருக்கும் மேல். மேலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட முழு வட்டம். கரையைச் சுற்றி உயர்ந்த பீச் மரங்கள் நிற்பதால் நடைபாதை முழுவதும் நிழல். ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். குழந்தைகளும் முதியவர்களும் வந்தால் இதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே ஷ்ட்ரோனர் மேர்ஷென் என்ற சிறு பள்ளம், தூர்ந்து பாசிச் சதுப்பாகிவிட்டது. புல்ஃபர்மார் பல ஆயிரம் ஆண்டுகள் கழித்து எப்படி ஆகக்கூடும் என்பதை அங்கே பார்க்கலாம். ஷ்ட்ரோன் ஊருக்குள் 5 மீட்டர் குறுக்களவும் 120 டன் எடையும் கொண்ட ஒரு எரிமலைக் குண்டுக்கல் வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

கில்லென்ஃபெல்டின் மறுபக்கம் உள்ள ஹோல்ட்ஸ்மாருக்குக் கூட்டம் வருவதில்லை. காடும் மேய்ச்சல் நிலமும் சூழ்ந்த சிறிய ஏரி. அறிவியலாளர்களுக்கோ இது பெரிய பொக்கிஷம். இதன் அடிச்சேற்றில் ஆண்டுக்கு ஒரு மெல்லிய படலம் படிந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கலையாமல் கிடக்கின்றன. குழாய் இறக்கிச் சேற்றை எடுத்து, மர வளையம் எண்ணுவதுபோல் படலங்களை எண்ணிப் பழைய தட்பவெப்பத்தைப் படிக்கிறார்கள். மேர்ஃபெல்டிலும் இப்படித்தான். சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் லாஹர் ஸே எரிமலை வெடித்தபோது வந்து விழுந்த சாம்பல்கூட, 50 கிலோமீட்டர் தள்ளி மேர்ஃபெல்டின் சேற்றில் தனிப் படலமாக இருக்கிறது. ஹோல்ட்ஸ்மாரை ஒட்டியே டூரெஸ் மார் என்ற சதுப்பும், ஹிட்ஷெ என்ற மிகச் சிறிய மாரும் உண்டு. பலகை படிக்காமல் போனால் ஹிட்ஷெயை ஏதோ குட்டை என்று கடந்துவிடுவீர்கள். சதுப்பின்மேல் கால் வைக்காதீர்கள். மிதி பட்ட பாசி மீண்டும் வளர நெடுங்காலம் ஆகும்.

மூன்றாம் நாள் இருந்தால்: மேர்ஃபெல்ட், மாண்டர்ஷைட்

மேர்ஃபெல்டில் பள்ளம் மிகப் பெரியது. ஏரி அதன் ஒரு பகுதியில்தான். ஓடை கொண்டுவந்த வண்டல் மேடிட்ட மற்றப் பகுதியில் கிராமமே உட்கார்ந்திருக்கிறது. இதை உணர கரையில் நின்றால் போதாது, லாண்டெஸ்ப்ளிக் காட்சிக் கோபுரத்துக்கு ஏற வேண்டும். அருகில் மோசென்பெர்க் எரிமலைத் தொடரில் விண்ட்ஸ்போர்ன் ஏரி. இது மார் அல்ல; நெருப்புக் கசடு குவிந்த கூம்பின் வாயிலேயே நீர் நிற்கிறது. ஆல்ப்ஸுக்கு வடக்கே இப்படி முழுச்சுவரும் சிதையாத எரிமலைவாய் ஏரி இது ஒன்றுதான் என்று சொல்வார்கள். இரண்டு மீட்டர் ஆழம்கூட இராது. மாண்டர்ஷைட்டில் எதிரெதிரே இரண்டு பழைய கோட்டைகளும், மார் அருங்காட்சியகமும் உண்டு. 4 கோடி 40 லட்சம் ஆண்டுகள் பழைய எக்ஃபெல்ட் மாரில் கிடைத்த, நாய் அளவே உள்ள ஆதிக் குதிரையின் புதைபடிவத்தை அங்கே காணலாம். மழை நாளுக்கு அதை ஒதுக்கி வையுங்கள்.

நீரில் இறங்கும் முன்

இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள்.

குளிப்பதற்கு கெமுண்டெனர், ஷால்கென்மேரெனர், புல்ஃபர்மார் ஆகிய மூன்றின் அமைக்கப்பட்ட கரைகளை மட்டும் பயன்படுத்துங்கள். சிறு கட்டணம் இருக்கும், சில்லறை கொண்டுபோங்கள். வேறு எங்கும் ‘பாடென் ஃபெர்போடென்’ என்ற பலகை இருந்தால் குளிக்கத் தடை என்று பொருள். பச்சை விளிம்புள்ள முக்கோணப் பலகையில் கழுகு இருந்தால் அது இயற்கைக் காப்பிடம். பாதையை விட்டு விலகக்கூடாது, ட்ரோன் விடக்கூடாது, நாயைக் கயிற்றில் பிடிக்க வேண்டும்.

இவை புனல் வடிவப் பள்ளங்கள் என்று முன்பே சொன்னேன். கரையிலிருந்து சில எட்டு வைத்ததும் தரை மறைந்துவிடும். மேலே ஓரிரு மீட்டர் வெயிலில் வெதுவெதுப்பாக இருக்கும், அதற்குக் கீழே நீர் சட்டென்று குளிர்ந்துவிடும். குளத்திலும் கிணற்றிலும் நீந்திப் பழகியவர்களுக்கும் இந்தக் குளிர் மூச்சைப் பிடித்துவிடும். குதிக்காதீர்கள், கை, முகம், மார்பு என்று நனைத்துக்கொண்டு மெல்ல இறங்குங்கள். நீச்சல் தெரியாதவர்கள் ‘நிஷ்ட்ஷ்விம்மர்’ என்று கயிறு கட்டிய பகுதியைத் தாண்டவே கூடாது. சேலை, சுடிதார், பருத்திக் கால்சட்டையோடு இறங்க வேண்டாம், நீர் குடித்துக் கனத்து இழுக்கும். முழு உடலையும் மூடும் நீச்சலுடை தாராளமாகக் கிடைக்கிறது. களிம்பு பூசுவதைவிட மெல்லிய முழுக்கைச் சட்டை ஏரிக்கும் நல்லது, தோலுக்கும் நல்லது. நீர் பச்சையாகப் பெயின்ட் ஊற்றியதுபோல் தெரிந்தால் அது நீலப்பச்சைப் பாசி, குழந்தைகளை இறக்காதீர்கள்.

நடந்து வந்ததும் உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள், குறிப்பாக முழங்காலின் பின்புறம், அக்குள், குழந்தைகளின் காதோரம். ‘செக்கெ’ என்று இங்கே சொல்வார்கள். போரெலியோஸிஸ் என்ற நோயைப் பரப்பக்கூடியது. மருந்துக் கடையில் சிறு இடுக்கி கிடைக்கும். தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் விரிந்தால் மருத்துவரைப் பாருங்கள். அவசர உதவிக்கு 112. காட்டுப் பாதைகளில் எண்ணிட்ட மீட்புப் பலகைகள் இருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பள்ளங்களுக்குள் போன் சிக்னல் குறையலாம், வரைபடத்தை முன்பே தரவிறக்கி வையுங்கள்.

சாப்பாடு

ஊர் உணவு டெப்பெகோஹெ. துருவிய உருளைக்கிழங்கில் செய்து அடுப்பில் வாட்டுவது. பெரும்பாலும் பன்றி இறைச்சி சேர்த்திருப்பார்கள், சைவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். நன்னீர் மீன் உண்பவர்களுக்கு ஃபோரெல்லெ எனும் ட்ரௌட் நன்றாகக் கிடைக்கும். உணவகங்களுக்கு வாரத்தில் ஓரிரு நாள் ‘ரூஹெடாக்’, அதாவது விடுமுறை. இரவு எட்டரைக்கு மேல் அடுப்பு அணைந்துவிடும். டௌனைச் சுற்றி ‘ட்ரேஸ்’ எனப்படும் கனிம ஊற்றுகள் உண்டு. எரிமலை வாயு கலந்து இயற்கையாகவே நுரைக்கும் நீர், இரும்புச் சுவை. ஒரு மடக்கு குடித்துப் பாருங்கள்.

திரும்பும் வழி

திரும்புவதற்கு நான் சொல்வது சைக்கிள். டௌனிலிருந்து மோசெல் கரையின் பெர்ன்காஸ்டெல்-கூஸ் வரை சுமார் 55 கிலோமீட்டருக்கு மாரெ-மோசெல் சைக்கிள் பாதை. பழைய ரயில் தண்டவாளம் கிடந்த தடம். அதனால் செங்குத்தான ஏற்றமே இல்லை, மொத்தத்தில் இறக்கம்தான். பழைய சுரங்கங்களும் பாலங்களும் வழியில் வரும். சுரங்கத்துக்குள் குளிரும், ஒரு மேல்சட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். டௌனில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது. வழியில் ஷால்கென்மேரெனையும் கில்லென்ஃபெல்டையும் மீண்டும் தொட்டுப் போகலாம். முழுத் தூரம் வேண்டாம் என்றால் விட்லிஷில் நிறுத்தி, வெங்கரோர் நிலையத்தில் ரயில் பிடியுங்கள். வாடகை சைக்கிளைத் திருப்ப வேண்டியிருந்தால் கோடைப் பருவத்தில் சைக்கிள் வண்டி இணைத்து ஓடும் ரெகியோராட்லர் பேருந்தில் ஏற்றி, நீங்களும் கூடவே டௌனுக்குப் போய் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பேருந்தில் சைக்கிளுக்கான இடம் கொஞ்சம்தான். வார இறுதி என்றால் சில நாள் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.